முதுகு நீங்கு படலம்

தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டவர் ஐவரே: மாப்பிள்ளை, பெண், ஐயர், மூன்றாம் முடிச்சுக்குரிய நாத்தனார், வீடியோக்காரர். ஏனையோர் கண்டது வீடியோக்காரரின் முதுகு. கெட்டிமேளம் கொட்டியதும் எறியப்படும் அட்சதையில் பெரும்பங்கு அதன்மீதே விழுகிறது. பதினாறு பேறும் யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. அம்முதுகை மேடையிலிருந்து நீக்க ரிமோட் என்னும் கருவி செய்த முயற்சிகளையும், அவை பலிக்காத காரணத்தையும் ஈண்டுக் கூறுதும்.

முதலாவது, ஹேண்டிகேம் பெட்டிக்குள் இலவசமாக வந்த சிறு ரிமோட். பட்டன் பேட்டரியின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உருவினால்தான் இது உயிர் பெறும். பல வீடுகளில் அந்தத் தாள் இன்றும் உருவப்படாமல் பத்திரமாக இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரால் சுமார் 5 மீட்டர் வரை வேலை செய்வது. வெயிலிலும் அதே கதிர் உண்டாதலால் திறந்தவெளிப் பந்தலில் தடுமாறும். கதிரை வாங்கும் கண் பெரும்பாலும் கேமராவின் முன்பக்கத்தில் இருப்பதால், இயக்குபவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். வந்தால் படத்தில் விழுவார். அஃதேல் இதனால் ஆய பயன் என்னை எனின், முதுகு இருந்த இடத்தில் முகம் வரும் என்க.

இரண்டாவது, சோனி வகுத்த லேங்க் முறை. 2.5 மில்லிமீட்டர் பின் கொண்ட ஒரு ஒயர் கேமராவிலிருந்து ட்ரைபாட் கைப்பிடிக்கு வரும். ஜூம், ஃபோகஸ், பதிவு மூன்றும் கட்டைவிரலுக்குள் அடக்கம். கேமராவும் அதே ஒயரில் தன் நிலையைத் திருப்பிச் சொல்லும் என்பது இதன் சிறப்பு. சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும் என்பது இதன் குறை. ஏனெனில் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான். முகூர்த்தப் பதற்றத்தில் ஒருமுறை கூடுதலாக அழுத்தியவருக்கு அன்று முழுவதும் எல்லாம் தலைகீழ். எடுக்கும்போது நின்றிருக்கும், எடுக்காதபோது ஓடும். வீட்டுக்கு வரும் படத்தில் ஜமுக்காளத்தின் ஓரம், லைட் பாயின் முழங்கால், யாரோ கழற்றிப் போட்ட செருப்பு, மின்கம்பியில் தடுக்கிய ஒரு பெரியப்பாவின் வேட்டிக்கரை ஆகிய அனைத்தும் மிகத் தெளிவாக இருக்கும். தாலி மட்டும் இராது. கைப்பிடியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தபின் மேளத்தைக் கேட்க வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி. மேளம் முந்திக்கொள்வது கல்யாணத்தின் முதல் விதி.

மூன்றாவது, ரிமோட் தலை கொண்ட கிரேன். பிரான்சு நாட்டு லவாலூ, மசெரோன் என்னும் இருவர் நீர்மூழ்கிக் கப்பலின் நெருக்கடிக்குள் படமெடுக்க முயன்றதில் பிறந்த யோசனை அது. லூமா கிரேன் என்று பெயர் பெற்று, 1976-இல் வந்த போலன்ஸ்கியின் ‘த டெனன்ட்’ படத்தில் பயன்பட்டது. நம் மண்டபத்திலும் நெருக்கடி நீர்மூழ்கிக்குக் குறைந்ததன்று. ஆனால் இங்கே அதன் வழிவந்த ஜிப், நெருக்கடியைத் தீர்க்க வரவில்லை. முன்முனையில் கேமரா, பின்முனையில் பாரத்துக்கு ஜிம்மில் தூக்கும் இரும்புத் தட்டுகள், ஒரு சின்னத் திரை, ஒரு ஜாய்ஸ்டிக், ஓர் ஆள். முதுகு மேடையை விட்டு இறங்கியது உண்மை. இறங்கி, மூன்று வரிசை நாற்காலியை எடுத்துக்கொண்டது. அதன் கை தாழப் பறக்கும்போது முன்வரிசைத் தாத்தாக்கள் தலை குனிவது பணிவால் அன்று.

நான்காவது, பி.டி.இசட். கேமரா. சுவரோரம் அமர்ந்து தானே திரும்பும், நிமிரும், நெருங்கும். தேவாலயங்களிலும் கருத்தரங்கக் கூடங்களிலும் ஓசையின்றி ஊழியம் செய்கிறது. விஸ்கா என்னும் முறையில் 7 கேமராக்களைச் சங்கிலியாகக் கோத்து ஒருவரே ஓட்டலாம். முதுகுப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது.

தீர்ந்தும் தீராதது ஏன் எனின், பெண்ணின் தகப்பனார் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை பேர் வருவீங்க தம்பி?” என்பது. சம்பந்தி வீட்டார் எண்ணிப் பார்ப்பது ஆட்களைத்தான். மேடையில் ஆளே இல்லை என்றால், செலவு செய்ததற்குச் சாட்சி யார்? மேலும், சுவரிலிருக்கும் கேமராவுக்கு வாய் கிடையாது. “மாமா, கொஞ்சம் நகருங்க”, “ஐயரே, ஒரு நிமிஷம்”, “அண்ணா, தாலியை அப்படியே பிடிங்க, இங்க பாருங்க” என்று அதனால் சொல்ல முடியாது. வீடியோக்காரரின் இடது கைக்குப் பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், வெயிலால் கேடில்லை. அது உயர்ந்தால் மூன்று முடிச்சில் இரண்டாவதும் நிற்கும். கேமராவை இயக்கும் ரிமோட் ஆயிரம் வரலாம்; கல்யாணத்தை இயக்கும் ரிமோட் அது ஒன்றே.

ஆகவே மண்டபம் பார்க்கப் போகிறவர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் டி.வி. வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாலி கட்டுவது அங்கேதான் நன்றாகத் தெரியும். முதல் பந்தியும் கிடைக்கும்.