ஹேண்டிகேப் குறைய ஒரு பெத்தாங்க் வைத்தியம்

புது மட்டை வாங்கினால், ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண் குறையும் என்று நம்பும் அமெச்சூர் கோல்ஃப்காரர்கள், ஆட்டத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னை வரை கார் ஓட்டவும் தயார். கணக்கைப் பார்க்கத்தான் தயாரில்லை. 2020 முதல் நடப்பிலுள்ள உலக முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-இன் சராசரியே ஹேண்டிகேப்பின் அடிப்படை. சொதப்பிய 12 ஆட்டங்களை விதியே பெருந்தன்மையாக மறந்துவிடுகிறது. ஆக, பெரும்பாலான நாள்களில் அந்த எண்ணைவிட மோசமாக ஆடுவதே இயல்பு. இதற்குப் போய் மட்டையைப் புல்லில் அறைவானேன், கேடியை முறைப்பானேன்? இன்னொன்று: பார், அதாவது மைதானத்துக்கென வகுத்த அடிக் கணக்கு, 72 என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் குழியருகே பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டவை. நம்மவர்களின் பயிற்சியோ முழுக்கத் தூர அடிக்குத்தான்.

உருட்டலையும் பொறுமையையும் பழகப் புதுச்சேரியிலேயே பெத்தாங்க் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் பிரான்சின் லா சியோத்தாவில் மூட்டுவாதத்தால் ஓட முடியாத ஒருவருக்காகப் பிறந்த ஆட்டம். வட்டத்துக்குள் காலூன்றி, 6 முதல் 10 மீட்டருக்குள் கிடக்கும் சின்ன மரக்குண்டை நோக்கி எஃகுக் குண்டைப் போட வேண்டும். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. புழுதியும் மழித்த புல்லும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். ஆனால் தரையின் சாய்வைக் கண்ணால் அளந்து கையை அடக்குவது இரண்டிலும் ஒரே வேலை. கிளப் கௌரவமும் வியாபாரத் தொடர்பும் குண்டாட்டத்தில் கிடைக்குமா என்பதுதான் நியாயமான ஆட்சேபம். கிடைக்காது. அவற்றுக்காக ஆடுபவர்கள் ஹேண்டிகேப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தாராளமாகப் புது மட்டை வாங்கலாம்.