டேட்டா ஸ்ட்ரக்சர் என்னும் கையெழுத்துப் பயிற்சி

கணினியைத் தொடாமலே கணினி அறிவியல் படிக்கும் வித்தையை நம் பொறியியல் கல்லூரிகள் கண்டுபிடித்திருக்கின்றன. கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, அதற்குக் கட்டணமும் வாங்குகின்றன. நம்பாதவர்கள் மூன்றாவது செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர் லேபுக்குள் எட்டிப் பார்க்கலாம். பாதித் திரைகள் இருட்டாக இருக்கும். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார்கள். ரெக்கார்டு நோட்டின் கோடு போட்ட பக்கத்தில் நீல மையில் புரோகிராம். வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் அவுட்புட். அந்த அவுட்புட் எங்கிருந்து வந்தது? போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டிலிருந்து. அவருக்கு? அவருடைய சீனியரிடமிருந்து. இந்த வம்சத்தில் எங்கோ ஒரு மூதாதை அதை நிஜமாகவே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ‘என்டர் யுவர் சாய்ஸ்’ என்பதில் அவர் விட்ட எழுத்துப்பிழை இன்றும் பத்திரமாகக் கைமாறி வருகிறது. லிங்க்டு லிஸ்ட் என்றால் என்னவென்று இந்தக் கல்லூரிகள் நடத்திக் காட்டியது இது ஒன்றுதான்.

திரை எரிந்தாலும் பெரிய லாபமில்லை. பல லேப்களில் இன்னும் டர்போ சி-தான். டாஸ் காலத்து நீலத் திரைக்கு இன்றைய விண்டோஸுக்குள் டாஸ்பாக்ஸ் கட்டி உயிர்ப்பிச்சை கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் இன்ட் என்றால் 2 பைட். 32,767-உடன் ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32,768. மாணவனின் சட்டைப்பையில் கிடக்கும் போனிலோ இன்ட்டுக்கு 4 பைட். போன் தப்பு, சார் ரைட்டு. 2 பைட் என்று எழுதினால்தான் மார்க்.

மார்க் என்றதும் வினாத்தாள் ஞாபகம் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி டூ மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. ஏவிஎல் மரம் 13 மார்க்குக்கு ஆகிவந்த கேள்வி. அந்த மரத்தை 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இரண்டு சோவியத் கணிதவியலாளர்கள் எதற்காக யோசித்தார்கள்? 10 லட்சம் எண்களை ஏறுவரிசையில் ஒரு சாதாரணத் தேடல் மரத்தில் போட்டால் அதில் கிளையே வராது, ஒரே சங்கிலியாக நீளும். கடைசி எண்ணை எடுக்க 10 லட்சம் படி இறங்க வேண்டும். ஏவிஎல் மரத்தில் 30 படிக்குள் வேலை முடிந்துவிடும். பாடத்தின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வகுப்பிலோ எல்.எல்., ஆர்.ஆர்., எல்.ஆர்., ஆர்.எல். என்று நான்கு சுழற்சிகளும் மந்திரம்போல ஒப்பிக்கப்படுகின்றன. எதற்குச் சுழற்றுகிறோம் என்ற கேள்வி போர்ஷனில் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் மட்டும் ‘நீட்னெஸ்’ மார்க் நிச்சயம்.

பல்கலைக்கழகத் தேர்வில் வைவா என்றொரு சடங்கும் உண்டு.

“ஸ்டாக்னா என்னப்பா?”

“லிஃபோ சார்.”

“எக்ஸ்பேன்ஷன்?”

“லாஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட் சார்.”

“குட். நெக்ஸ்ட்.”

எக்ஸ்டர்னலுக்கு அவசரம், ஹெச்.ஓ.டி. அறையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.

வைவாவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. லிங்க்டு லிஸ்டில் ஒரு கணுவை நீக்கும்போது, அடுத்த கணுவின் முகவரியை எடுத்துக்கொள்ளாமல் முதலிலேயே ஃப்ரீ செய்தால் என்ன ஆகும்? சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் புரோகிராம் செத்து விழும். அப்படி நாலு தடவை செத்து விழுவதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பாயின்டரை வேறு யாரும் நடத்த வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் புரோகிராம் ஒருநாளும் சாவதில்லை. நோட்டில் எழுதிய புரோகிராம் எப்படிச் சாகும்?

ஆசிரியர்களை மட்டும் திட்டுவது சுலபம், அநியாயமும்கூட. உதவிப் பேராசிரியருக்கு 57,700 ரூபாய் தொடக்க அடிப்படைச் சம்பளம் என்பது ஏஐசிடிஇ தாளில் இருக்கிறது. அதில் பாதியைக்கூடக் கையில் கொடுக்காத தனியார் கல்லூரிகள் ஏராளம். மே மாதம் பிறந்தால் அதே ஆசிரியர் நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்கப் போக வேண்டும். ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். அவர் எப்போது புரோகிராம் ஓட்டிப் பார்ப்பார்?

சில ஆசிரியர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, ஏனென்றால் அவர்கள் கல்லூரியிலேயே இல்லை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டிய மோசடியை அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் அம்பலப்படுத்தியது. ஒரே முகவரியைப் பல பாயின்டர்கள் சுட்டலாம் என்று இரண்டாம் ஆண்டில் நடத்துகிறோமே, அந்தப் பாடத்தை நிர்வாகங்கள் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கின்றன பாருங்கள்! ஆள் இல்லாத முகவரியைச் சுட்டும் பாயின்டருக்கு டாங்லிங் பாயின்டர் என்று பெயர். டூ மார்க் கேள்வி. அங்கீகார ஆய்வுக் குழுக்கள் அதிலேயே ஃபெயில்.

இதற்குப் பிறகுதான் உச்சக்கட்டக் கொள்ளை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கல்லூரியே வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தைக் கூட்டிவருகிறது. ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்று தனி ரசீது. அங்கே என்ன நடத்துகிறார்கள்? அர்ரே, ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட், மரம். அதாவது செமஸ்டர் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தாத பாடத்தையே இன்னொரு கட்டணத்துக்கு நடத்துகிறார்கள். நகையை அடகு வைத்த அம்மாவிடம் இரண்டாவது ரசீதை நீட்டக் கூச்சமே இல்லை. முதல் முறை எதற்குப் பணம் வாங்கினீர்கள் என்று கேட்க ஒரு துணைவேந்தருக்கோ அமைச்சருக்கோ வாய் வரவில்லை.

கலந்தாய்வுக்குப் போகும் பெற்றோரே, ஏசி ஹாஸ்டலையும் பஸ் ரூட்டையும் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். கல்லூரி வேலை நாளில் ஒரு மத்தியானம் டேட்டா ஸ்ட்ரக்சர் லேபைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஏதாவதொரு பிள்ளையிடம், “இதுல ஒரு வரியை அழிச்சிட்டு மறுபடி ஓட்டிக் காட்டு தம்பி” என்று கேளுங்கள். அவன் கை கீபோர்டுக்குப் போகாமல் ரெக்கார்டு நோட்டுக்குப் போனால், டெபாசிட் கட்டாமல் கிளம்பி வந்துவிடுங்கள்.