பனிமய மாதா ஊர்க்காரன்

பனிமய மாதாவின் ஊரில் பிறந்து, நாற்பத்து மூன்று வயதுவரை ஒரு பிடி பனியைக் கண்ணால் பார்க்காதவன் நான். இதை ஒரு குறையென்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நானாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கி மூக்கை அடைக்கிற சமாச்சாரம். மற்றபடி அது ஆண்டுக்கொரு முறை பிரசங்கத்தில் பெய்யும். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் மாதத்துக் கோடையில் எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்து, கோயில் கட்டவேண்டிய இடத்தை மாதா காட்டினார் என்பது கதை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க அதைக் கேட்ட சிறுவனாகிய நான், ஊருக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் குவிந்துகிடப்பதுதான் அந்தப் பனி என்று தீர்மானித்திருந்தேன். இரண்டாம் வகுப்பில் ‘பனி எங்கே பெய்யும்?’ என்ற கேள்விக்கு ‘முத்தையாபுரத்தில்’ என்று எழுதினேன். அங்கே இருப்பது உப்பளம். டீச்சர் அடிக்கவில்லை. அடுத்த வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த அவமானம்தான் முப்பத்தைந்து வருடம் கழித்து ஸ்னோபோர்டு வாங்க வைத்தது என்று சொன்னால் என் மனைவி நம்புவதில்லை. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் கணக்கெழுதுகிறவனுக்கு இரவு பதினோரு மணிக்கு மேல் போன் பார்க்கும் பழக்கம் இருப்பதுதான் காரணம் என்பாள். அவள் சொல்வதும் சரிதான். ஒரு வீடியோவில் ஒருவன் பலகைமேல் நின்றுகொண்டு மலையிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்தான். இதிலென்ன, பலகைதானே வழுக்குகிறது, இவன் சும்மாதானே நிற்கிறான் என்று தோன்றியது. வள்ளத்தில் நின்று பழகிய வம்சம் நாங்கள். நான் வள்ளத்தில் உட்கார்ந்துதான் போயிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

படித்துப் பார்த்ததில் பெருமைப்பட இன்னொரு காரணமும் கிடைத்தது. இந்த விளையாட்டே கடலிலிருந்து மலையேறியதுதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் பெண்பிள்ளைகள் சறுக்கி விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். ஸ்னோ, ஸர்ஃப் இரண்டையும் குழைத்து ‘ஸ்னர்ஃபர்’ என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி. கடலலைமேல் பலகை விடுவதுபோல மலைமேல் விடுவது. பிடித்துக்கொள்ள முனையில் ஒரு கயிறு. பிறகு ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-இல் வெர்மான்ட் மாநிலத்தில் கம்பெனி தொடங்கிப் பலகை செய்தார். 1998-இல் ஜப்பானின் நாகனோவில் அது ஒலிம்பிக் விளையாட்டானது. இவ்வளவையும் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, எந்தப் பலகை வாங்கவேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

அதற்கும் விதி இருக்கிறது. பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வரவேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் எடைக்கு எவ்வளவு நீளம் என்று கம்பெனிக்காரன் போடும் அட்டவணை. புதிதாகக் கற்கிறவனுக்குக் கொஞ்சம் குட்டையாக, வளைந்து கொடுக்கிற மெத்தென்ற பலகைதான் நல்லது. விறைத்த பலகை வேகத்தில் போகிறவர்களுக்கு. நான் 165 சென்டிமீட்டர், 68 கிலோ. நான் வாங்கிய பலகை 164 சென்டிமீட்டர். பழைய சாமான் விற்கும் ஆப்பில், பெங்களூரில் யாரோ ஒரு புண்ணியவான் விற்றது, 22,000 ரூபாய். பலகையின் அடியில் சுறா படம் போட்டிருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்துப் பக்கத்தில் நின்றேன். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும்போல இருவரும் ஒரே உயரம்.

அடுத்து பூட்ஸ். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: பலகையை வாடகைக்கு எடு, காசு இருந்தால் முதலில் பூட்ஸ் வாங்கு. பூட்ஸைப் போட்டு நேராக நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடவேண்டும். முட்டியை மடக்கினால் பின்வாங்கவேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது, ஏனென்றால் பலகையைத் திருப்புகிற உத்தரவு குதிகாலிலிருந்துதான் போகிறது. ஜோடு அளவை நம்பாதே, பாதத்தை சென்டிமீட்டரில் அளந்துகொள் என்பார்கள். அளந்தேன். 28. வாங்கியது 30. பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கும்போது ‘அடுத்த வருசத்துக்கும் ஆகும்ல’ என்று அம்மா இரண்டு சைஸ் கூட்டித்தான் வாங்குவாள். நாற்பத்து மூன்று வயதில் என் பாதம் எந்த அடுத்த வருசத்துக்கு வளரும் என்று நினைத்தேனோ. போதாததற்கு, தொளதொளப்பை நிரப்ப இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. மெல்லியதாக ஒன்றே ஒன்றுதான் போடவேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

எந்தக் கால் முன்னால் என்பது அடுத்த கேள்வி. இடதுகால் முன்னால் வைப்பவன் ‘ரெகுலர்’, வலதுகால் வைப்பவன் ‘கூஃபி’. கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு: எதிர்பாராத நேரத்தில் யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளவேண்டும். எந்தக் கால் முதலில் முன்னே பாய்கிறதோ அதுதான். இந்தப் பொறுப்பை என் மச்சினனிடம் கொடுத்தேன். அவன் மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புதிய துறைமுகம் பீச்சில் குடும்பத்தோடு நிற்கும்போது தள்ளினான். எந்தக் காலும் முன்னே வரவில்லை. மூஞ்சிதான் வந்தது. வாயில் மணலோடு எழுந்து, ‘கூஃபி’ என்று அறிவித்தேன். அந்தச் சொல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இனி ஒத்திகை. பனிக்கு எங்கே போவது? முத்தையாபுரம் இருக்கவே இருக்கிறது. தெரிந்தவர் அளத்தில் அனுமதி வாங்கி, விடிகாலையில், தட்டுமேட்டில் குவித்திருந்த அம்பாரத்தின்மேல் பலகையோடு ஏறினேன். உப்பு வாருகிற பெரியம்மா ஒருவர் தலைச்சும்மாட்டைச் சரிசெய்தபடி நின்று பார்த்தார்.

“ஏ தம்பி, வாருபலகைய எதுக்குக் கால்ல கட்டியிருக்க?”

உப்பு வழுக்காது என்பதை அந்த அளத்தில் அறியாதவன் நான் ஒருவன்தான். பனிமேல் பலகை ஓடுவதற்குக் காரணம், உராயும் இடத்தில் படலமாக உருகும் கொஞ்சம் தண்ணீர். உப்புக்கல் எதற்கு உருகும்? பலகை ஓர் அடிகூட நகரவில்லை. நான் மட்டும் அதிலிருந்து குப்புறச் சரிந்தேன். அன்று வாங்கிய சிராய்ப்பில் உப்புப் பட்டதைப் பற்றி எழுத வேண்டாம். அந்தப் பெரியம்மாவின் கால்கள் வருடக்கணக்காக அந்தக் கரிப்பில்தான் நிற்கின்றன. நான் அங்கே கத்தியிருக்கக்கூடாது.

பலகையின் இருபக்கமும் எஃகு விளிம்பு ஓடும். பனியைக் கடித்துப் பிடிப்பது அதுதான். அளத்திலிருந்து வந்து துடைக்காமல் மாடிப்படியின் கீழ் வைத்தேன். எங்கள் ஊர்க் காற்றில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது. மூன்றாம் நாள் பார்த்தால் சுறாவைச் சுற்றித் துருவில் ஒரு கோடு. அடிப்பக்கத்துக்கு மெழுகு தேய்க்கவேண்டும் என்று படித்து, கோயிலுக்கென்று வாங்கிய மெழுகுவர்த்தியில் இரண்டை உருக்கித் தேய்த்தேன். பனிமய மாதா பெயர் இருக்கிறதே, தப்பாகாது என்று ஒரு சமாதானம். பலகையை மொட்டைமாடியில் காயவைத்தேன். மாலையில் போனபோது மெழுகு தரையில் இருந்தது.

பழைய முத்துக்குளிப்பில், காலில் கல் கட்டி இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கண்ணயரமாட்டான் என்று ஒரு கணக்கு. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. என் மனைவிக்கு அந்தக் கணக்கில் இன்னும் நம்பிக்கை இருந்ததால், தம்பியைக் கூட அனுப்பினாள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை, விமானத்தில் ஸ்ரீநகர், தங்மர்க் வரை ஒரு வண்டி, அதற்குமேல் சக்கரத்தில் சங்கிலி சுற்றிய வேறொரு வண்டி. கடல்மட்டத்துக்கு இரண்டு முழம் மேலே வாழ்கிறவர்கள், ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்துக் குல்மர்க்கில் இறங்கினோம். சில்லை கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரியோடு முடிந்துவிடும். நாங்கள் போனது பிப்ரவரியில், ஆகவே குளிர் இருக்காது என்பது என் கணிப்பு. உள்ளே காட்டன் பனியன் இரண்டு போட்டிருந்தேன். காட்டன் வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரவைக்கும். கம்பளியோ பாலியஸ்டரோதான் உள்ளே போடவேண்டும், அதன்மேல் ஒரு கதகதப்பு, அதற்கும்மேல் தண்ணீர் புகாத சட்டை. மச்சினன் அங்கேயே ஒரு ஃபெரன் அங்கியை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, கையில் காங்கிரி நெருப்புச் சட்டியோடு திருவிழாவுக்கு வந்தவன்போல நின்றான்.

பனியைத் தொட்டேன். முதலில் நாக்கில்தான் வைத்தேன். கரிக்கவில்லை. அதை நம்ப ஒரு நிமிடம் ஆனது.

குல்மர்க்கின் கேபிள் கார் முதல் கட்டத்தில் கொங்டோரி வரைக்கும், இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் சிகரத்தருகே ஏறக்குறைய 3,950 மீட்டருக்கும் போகிறது. அங்கிருந்து இறங்குகிறவர்கள் வேறு ஜாதி. நமக்குக் கீழே, குழந்தைகளும் தேனிலவுக்காரர்களும் உருளுகிற சாய்வு. அமர்த்திய பயிற்சியாளர் இருபது வயதுப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. என் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். பூட்ஸ் பலகையின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் துருத்தியிருந்ததைக் காட்டி ஏதோ சொன்னான். என் 30 நம்பர் பூட்ஸின் நுனி, பலகை சாயும்போதெல்லாம் பனியில் இழுக்கும் என்பது அதன் பொருள். பிறகு எழுப்பி நிறுத்தினான்.

நின்றேன். அவன் உரக்க, “குட்னே! குட்னே!” என்றான்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. முதல் நாளே பாராட்டு. நெஞ்சை நிமிர்த்தி, காலை இன்னும் விறைப்பாக வைத்துச் சிரித்தேன். அவன் இன்னும் பலமாக, “குட்னே! குட்னே!” என்றான். இன்னும் நிமிர்ந்தேன். முன்விளிம்பு பனியில் மாட்டி, புதிய துறைமுகம் பீச்சில் விழுந்த அதே கோலத்தில் விழுந்தேன். இப்படியே முற்பகல் முழுக்க என்னைப் பாராட்டினான், நானும் விழுந்தேன். சாப்பாட்டு வேளையில், கப்பல்காரர்களோடு பழகி இந்தி கற்ற மச்சினன் மெல்லச் சொன்னான்:

“அத்தான், குட்னேன்னா முட்டி. முட்டிய மடக்குங்கன்னு காலைல இருந்து கத்திக்கிட்டு இருக்கான்.”

“நீ ஏன்ல அப்பவே சொல்லல?”

“நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல.”

கயிற்றைப் பிடித்தவன் லட்சணம் இது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டி ஊன்றாதே, முஷ்டியாக மூடிக்கொள், முன்கையில் விழு என்பார்கள். மணிக்கட்டுக் காப்பு என்று ஒன்று விற்கிறது. நான் வாங்கவேண்டிய சாமான்களிலேயே மலிவானது. பார்க்க மாவுக்கட்டுபோல அசிங்கமாக இருக்கிறதென்று விட்டிருந்தேன். இரண்டாம் நாள் பிற்பகலிலிருந்து என் இடதுகையில் சுளுக்குக்குக் கட்டிய துணி, அதைவிட அசிங்கமாக இருந்தது. அன்று மாலை ஒரு கடையில் சூடாக, ரோஸ் நிறத்தில் நூன் சாய் கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மச்சினனைப் பார்த்தேன். தேநீரில் உப்பு. நூன் என்றாலே உப்புதானாம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தும் முத்தையாபுரம் விடவில்லை.

மூன்றாம் நாள் சுறாவை அறையிலேயே விட்டுவிட்டு, பையன் சொன்னபடி குட்டையான, அகலமான, அடிபட்டுத் தேய்ந்த ஒரு வாடகைப் பலகையும் காலுக்குச் சரியான பூட்ஸும் எடுத்தேன். இடதுகால் முன்னால். ஆமாம், நான் கூஃபி இல்லை. குதிகால் பக்க விளிம்பில் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்து, இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் என்று அலைந்தலைந்து இறங்குவதற்கு ‘உதிரும் இலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் உதிர்ந்தது தேங்காய்போல என்று மச்சினன் சொல்வான். ஆனாலும் நான்காம் நாள் கடைசி வேளையில் இருபது அடி, விழாமல், முட்டி மடங்கி, நானே நினைத்த இடத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மச்சினன் சறுக்குவண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பயிற்சியாளன் போனில் இருந்தான். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பார்த்தாள். அவளும் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்கு வந்து பலகையை விற்க அதே ஆப்பில் போட்டேன்: ‘சுறா படம் போட்ட ஸ்னோபோர்டு. பனியைப் பார்த்தது இரண்டு நாள். உப்பைப் பார்த்தது ஒரு நாள்.’ இரண்டு மாதம் கழித்து மணப்பாட்டிலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.

“அண்ணாச்சி, பலகை இருக்கா? எவ்வளவு நீளம்?”

எனக்குள் இருந்த நிபுணன் விழித்துக்கொண்டான். உயரத்தைக் கேட்டேன். எடையைக் கேட்டேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தம்பி, பலகை கெடக்கட்டும். மொதல்ல நல்ல பூட்ஸ் வாங்குங்க” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

“கடல்ல விடத்தான் அண்ணாச்சி கேக்கேன். பூட்ஸு எதுக்கு?”