உதுக்குள்ளயும் மருந்து

பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கிய தொண்ணூறுகளில் அப்பாவின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டால் இருமி இருமி எழும்பும். வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் புகை கக்கியபடி வரும். "கடல் தண்ணியில விளக்கெரியிற ஊரில, மண்ணெண்ணெயில கார் ஓடினா என்ன புதினம்?" என்பார் அப்பா. ஸ்ரியறிங் நடுவில் வெறும் ஹோர்ன் பொத்தான். ஊமையானால் கழற்றி, பால்மா ரின்னில் வெட்டிய தகரத்துண்டை வைத்து முடுக்குவார். பத்து நிமிட வேலை.

2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியபோது வளவோரங்களில் மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைகள். தெரியாத பொருளைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நாங்களோ பிறகு லட்சக்கணக்கில் கொடுத்து, வெடிக்கிற சாமான் ஒன்றைக் காரோடு யப்பானிலிருந்து இறக்கி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டோம். பெயர் எயார்பாக்.

போன மாதம் அதன் சிவப்பு விளக்கு அணையவில்லை, ஹோர்னும் ஊமை. ஸ்ரியறிங்கோடு சுருண்டு விரிகிற நாடா வயர் அறுந்திருக்கும் என்று ஊகித்து, அப்பாவின் பிள்ளையாக மல்ரிமீற்றரோடு மாமரத்தடிக்குப் போனேன்.

பக்கத்து வளவுத் தம்பி முன்பு மிதிவெடி அகற்றியவன், இப்போது கராச் வைத்திருக்கிறான். வேலிக்கு மேலால் கத்தினான்: "அண்ணை, மீற்றரை உதில வைக்காதேங்கோ! உதுக்குள்ளயும் மருந்து!"

மீற்றரின் சின்னக் கரண்டே பற்றவைக்கப் போதுமாம். பற்றினால் செக்கனில் முப்பதில் ஒரு பங்குக்குள் பை ஊதிவிடும். சில்லுகளை நேராக்கினான், சாவியை எடுத்தான், பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றினான். பிறகு சும்மா இருந்தான். பற்றரி போனாலும் கொஞ்ச நேரம் உள்ளே மின் தேங்கியிருக்கும். எத்தனை நிமிடமென்று காரின் புத்தகத்தில் இருக்கிறது. கார் உடம்பைத் தொட்டு நிலைமின்னைப் போக்கி, மஞ்சள் பிளக்கைக் கழற்றினான். எயார்பாக் பொதியின் முகத்தைத் தன் நெஞ்சுக்கு எதிர்ப்புறம் பிடித்துக் கொண்டுபோய், முகம் மேலே பார்க்க வைத்தான். கவிழ்த்து வைத்தால் பொதியே ரொக்கெற்றாய் எழும்புமாம். அதைத் திறக்கவேயில்லை. நாடாவை மட்டும் மாற்றினான்.

மருந்து கெட்டுப்போனால் இன்னும் ஆபத்து. தகாத்தா நிறுவனத்தின் பைகளில் இருந்தது அமோனியம் நைத்திரேற்று. வெக்கையும் ஈரமும் பட்டுப் பட்டு அது கெட்டு, இரும்புக் கூட்டையே சிதறடித்தது. உலகெங்கும் சுமார் 10 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனம் வங்குரோத்து. நந்திக்கடல் காற்றில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் குறைவா? அன்றிரவே எங்கள் காரின் செசி இலக்கத்தைத் தேடினோம். திரும்ப அழைத்த பட்டியலில் இல்லை. உங்களுடையதையும் பாருங்கள்.