ஏழு மணிக்கு மேல் அடிக்கும் போன்

(வங்கிக் கடன் வசூல் ஏஜென்சியில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கடன் வாங்கியது வங்கியில். ஏஜென்சிக்காரர் ஏன் கூப்பிடுகிறார்? (தாராபுரம்)

பதில்: கடன் இன்னும் வங்கிக்குத்தான். வசூலை மட்டும் வெளியே கொடுத்திருக்கிறார்கள். தவணை தவறி 30 நாள் வரை முதல் பக்கெட் (பிரிவு), 60 வரை இரண்டாவது, 90 வரை மூன்றாவது. அதையும் தாண்டினால் வாராக்கடன். ஆரம்பத்தில் டெலிகாலர் பேசுவார், பிறகு ஆள் நேரில் வருவார். பெரும்பாலும் பணம் வந்தால்தான் ஏஜென்சிக்குக் கமிஷன். கணக்கு பழசாகப் பழசாகக் கமிஷன் விகிதம் ஏறும். மாதக் கணக்கை முடிக்கும் கடைசி நாட்களில் உங்கள் போன் ஓயாமல் அடிப்பது அதனால்தான்.

கேள்வி: வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லி போனை வைத்துவிடலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன தேதி அந்த நிமிடமே கணினியில் ஏறிவிடும். தொழிலில் அதற்கு ‘பி.டி.பி.’ என்று பெயர். தேதி தவறினால் அடுத்தது நேரில் ஆள். “இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் பத்தாம் தேதி இவ்வளவு கட்டறேன்” என்று நிஜத்தைச் சொல்லுங்கள். சொன்னபடி கட்டுகிறவரை எங்கள் ஆட்கள் தேவையில்லாமல் தொந்தரவு செய்ததில்லை.

கேள்வி: வீடும் மாறி, நம்பரும் மாற்றிவிட்டால்? (ஓசூர்)

பதில்: ‘ஸ்கிப்’ என்று குறித்துத் தேடுவார்கள். அப்படித் தேடி நானே ஒருவரைக் கண்டுபிடித்தேன். மில் விபத்தில் வலது கை போய், ஆறு மாதமாகச் சம்பளம் இல்லாமல் மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கிக்கு எழுதிக் கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒளிந்திருந்த அந்த ஆறு மாதமும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வேலை போன மாதமே வங்கிக்கு எழுதுங்கள்.

கேள்வி: இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்று கத்துகிறார்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். (மதுரை)

பதில்: அவர்கள் செய்வது தவறு, தலைகுனிய வேண்டியவர் நீங்கள் இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. மகளிர் குழுக்கள் வாங்கும் மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரை. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும், சொந்தக்காரர், நண்பர், ஜாமீன்தாரரை மிரட்டுவதும் கூடாது. வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாம் குறித்துக்கொண்டு முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். “அது ஏஜென்சி செய்தது” என்று வங்கி கை கழுவ முடியாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448. கை நீட்டினாலோ மிரட்டினாலோ காத்திருக்காமல் போலீஸுக்குப் போங்கள்.

கேள்வி: டி.வி., பீரோவைத் தூக்கிப் போவார்களா? (வேலூர்)

பதில்: கிரெடிட் கார்டு, பர்சனல் லோனுக்கு நீதிமன்ற உத்தரவில்லாமல் ஒரு கரண்டியைக்கூடத் தொட முடியாது. வீட்டை அடமானம் வைத்த கடன் வேறு. 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து நடவடிக்கை எடுக்கலாம். அந்தத் தபாலை மட்டும் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி: “பாதி கொடுங்க, முடிச்சுடலாம்” என்கிறார் வந்தவர். கையில் கொடுக்கலாமா? (திருச்சி)

பதில்: கூடாது. ஒரு அம்மா மகளின் கொலுசை அடகு வைத்து, 18,000 ரூபாயை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்து, வந்தவரிடம் எண்ணிக் கொடுத்தார். அவர் கொடுத்த ரசீது, காலண்டர் தாளின் பின்பக்கம் ‘பெற்றேன்’ என்று ஒரு கையெழுத்து. இரண்டு மாதம் கழித்து அதே கணக்கு என் பட்டியலில் வந்தது, பாக்கி ஒரு ரூபாய்கூடக் குறையாமல். வாங்கியவர் வேலையை விட்டே போயிருந்தார். அந்தத் தாளை நான்காய் மடித்து மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார் அந்த அம்மா. அவரை ஏமாற்றியவன் எங்கள் தொழிலைச் சேர்ந்தவன். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

வங்கியின் லெட்டர்ஹெட்டில் செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வரட்டும். பணத்தைக் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். கடன் பாக்கியில்லை என்ற சான்றிதழையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். சிபில் அறிக்கையில் இப்படிக் குறைத்துக் கட்டி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும், ‘குளோஸ்டு’ என்று வராது. அடுத்த கடன் கேட்கும்போது அது உறுத்தும். முழுதும் கட்ட வழி இருந்தால் முழுதும் கட்டுவதே நல்லது.

கேள்வி: என் மகனுக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா? (நாமக்கல்)

பதில்: அனுப்புங்கள். வங்கிகளுக்கான ஐ.ஐ.பி.எஃப். நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும்: 100 மணி நேரப் பயிற்சி, பட்டதாரி என்றால் 50, பிறகு தேர்வு. நியாயமாகச் செய்தால் மரியாதையான வேலை. ஒன்று மட்டும் தம்பியிடம் சொல்லுங்கள்: கதவைத் திறப்பவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குழந்தை நிற்கும். குரலைத் தாழ்த்திப் பேசட்டும்.