லட்சம் கோடியும் மரக்காலும்

கேள்வி: வரவு செலவுத் திட்டத்தில் 'லட்சம் கோடி' என்கிறார்களே, அது எவ்வளவு பெரியது என்று மனத்தில் வாங்கிக்கொள்வது எங்ஙனம்? (வாசகர், கூத்தாநல்லூர்)

பதில்: நெல் விளையும் ஊரிலிருந்துகொண்டு இதைக் கேட்கலாமா, ஐயா? 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்ற பழைய வாய்பாட்டின்படி மரக்காலுக்கு 1,15,200 நெல்மணிகள் ஆகின்றமையால், களத்தில் ஒருவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் சம்பிரதாயப்படி 'லாபம்' என்று கூவித் தொடங்கி, நிமிஷத்துக்கு ஒரு மரக்கால் வீதம் அளந்தாராயின், லட்சம் நெல் அந்த 'லாப'த்திலேயே அடங்கிவிடும். கோடிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். லட்சம் கோடிக்கோ, அன்னமும் நித்திரையும் இன்றி அளந்தாலும் 16 ஆண்டுகளுக்கு மேலாகும். (அதற்குள் மூன்று தேர்தல்கள் வந்துபோகும்.) மேடையில் அளப்பவர்களுக்கு மட்டும் ஒரு மூச்சுப் போதும்!