உருப்படி ஐந்து, குடும்பம் நான்கு

அனுப்புநர்:
செல்லூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜவுளிக்கடை ஊழியன், மதுரை.

பெறுநர்:
வீட்டுத் திட்டத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிய அதிகாரி அவர்கள், புது டெல்லி.

பொருள்: என் அம்மா எனக்கு என்ன உறவு என்று தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விதிமுறைகள். கண்ணாடி போட்டு ஒரு முறையும், நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு முறையும் பார்த்தது.

ஐயா,

இருபத்திரண்டு வருஷமாகப் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறேன். மடிப்பைப் பிரித்துப் போட்டால் முந்தி எது, உடல் எது, பார்டர் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். தங்கள் விதிமுறையைப் பிரித்தேன். முந்தியைக் காணோம்.

பிரதமரின் ‘அனைவருக்கும் வீடு’ திட்டத்தில் பயனாளிக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத மகன்கள், மணமாகாத மகள்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2015 ஜூன் 25-ல் திட்டம் தொடங்கியபோதும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் 2.0 என்று புதுப்பித்த பிறகும் அப்படித்தான். பதிப்பு எண் ஏறியது. அம்மா மட்டும் ஏறவில்லை. ஏற முடியாதுதான், எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருக்கிறது.

தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. யாரைக் குடும்பத்தில் சேர்ப்பது என்பதில் எங்கள் வீட்டு ஓனரம்மாவும் தாங்களும் ஒரு முடிவுக்கு வந்தால் என் பாடு எளிதாகும், அவ்வளவுதான். குடிவந்த அன்றே அந்தம்மா கேட்டது, “எத்தனை உருப்படி?” என்று. நான், மனைவி, பையன், பொண்ணு, அம்மா. “அஞ்சா? அப்ப தண்ணி மோட்டாருக்குத் தலைக்கு நூறு, மாசம் ஐநூறு.” அம்மாவின் தலையையும் எண்ணி வாங்கிவிட்டார். எண்ணிய கையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வயசானவங்க இருக்காங்களே தம்பி, நாளைக்கு ஒண்ணுன்னா...” என்று இழுத்தார். ஆக, வாடகைச் சந்தையில் என் அம்மாவுக்கு உயிரும் உண்டு, மரணமும் உண்டு, தலைக்கு நூறு ரூபாய் தண்ணீரும் உண்டு. தங்கள் ஏட்டில் மூன்றும் இல்லை. இந்த வீட்டுக்கு முன்னால் பார்த்த நாலு வீடுகள் அம்மாவைப் பார்த்த பிறகுதான் ‘வேற ஆளுக்குக் குடுத்தாச்சு’ ஆயின.

ரேஷன் கார்டில் அவள் பெயர் இருக்கிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் அரிசி அளக்கிறார்கள். வருமான வரிக்காரர்களுக்குக்கூடப் பெற்றோர் ஞாபகம் இருக்கிறது. மூத்த குடிமக்களான அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால் பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாமாம், கடை ஆடிட்டர் சொன்னார். எனக்கு வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இல்லை. இருந்தாலும், பணம் உள்ளவனுக்காவது அம்மா இருக்கிறாள் என்று கேட்க ஆறுதலாக இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது 2007-ம் வருஷத்துச் சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். பெற்ற பிள்ளை கவனிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அம்மா மனுக்கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கட்டச் சொல்லலாம். கைவிட்டுவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 டிசம்பரில் மருமகனையும் மருமகளையும் அந்தப் பொறுப்புக்குள் இழுக்க ஒரு திருத்த மசோதாகூட மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே போய்விட்டது, அது வேறு கதை. நான் கவனித்தது இதுதான்: அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்ட கூட்டத்தைப் பெரிதாக்க ஆள் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டுமே என்று யோசிக்கும் இடத்தில் தாங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். தங்கள் கணக்குப்படி அவள் என் குடும்பமே இல்லை. குடும்பமில்லாத ஒருத்தியைக் கைவிட்டால் எனக்கு எதற்கு ஐயா மூன்று மாதம்?

அதே சட்டத்தில், கவனிப்பேன் என்று சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றிய பிள்ளையிடமிருந்து திரும்பப் பிடுங்கவும் வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு மகனுக்குப் போன தானப் பத்திரத்தை ரத்து செய்து, தாயிடம் வீட்டைக் கொடுக்கச் சொன்னது. செய்தியைப் படித்துக் காட்டினேன். “நான் ரத்து பண்ண என்கிட்ட என்னடா இருக்கு?” என்றாள். இருந்தது ஒரு தையல் மிஷின். அதையும் அவள் எனக்கு எழுதித் தரவில்லை.

இனி அளவு. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 30 சதுர மீட்டர் வீடு என்பதுதான் ஆரம்பத்திலிருந்து தாங்கள் வைத்த கணக்கு. ஜவுளிக்காரனுக்கு மீட்டர் அத்துப்படி, இருந்தாலும் வீடு எங்களுக்கு அடியில்தான் விளங்கும். 323 சதுர அடி. நாலு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 81 அடி. ஐந்து பேருக்கு வகுத்தால் 65. ஆக, அம்மாவை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டதில் ஒவ்வொருவருக்கும் 16 சதுர அடி லாபம் காட்டியிருக்கிறீர்கள். அம்மாவின் கட்டில் ஆறுக்கு மூன்று, 18 சதுர அடி. பக்கத்தில் வாக்கர் நிற்க வேண்டும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டும், போகிற வழியில் பத்தாம் வகுப்புப் பையன் படுத்திருப்பான். அவனைத் தாண்டுவதற்கு எழுபத்திரண்டு வயதில் எத்தனை சதுர அடி வேண்டும் என்று தங்கள் பொறியாளர்களிடம் கேட்டுச் சொல்லவும்.

விதிமுறையை முழுக்கப் படிக்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளியோ மூத்த குடிமகனோ இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளமோ கீழ்த்தளமோ ஒதுக்க முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். அதில் மூத்த குடிமகன் யார்? ஒன்று, அறுபது வயது வரைக்கும் நான் காத்திருந்து நானே மூத்த குடிமகனாக வேண்டும். இன்னும் பன்னிரண்டு வருஷம். இல்லாவிட்டால் கல்யாணமாகாத என் மகனுக்கு அறுபதாக வேண்டும். 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்று சொன்ன திட்டம் பொறுமையாகக் காத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தரைத்தளம் என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால், கூட வேலைபார்க்கும் ஒருவர் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். அவர் அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு காலில் விரல் எடுத்தாயிற்று. மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கவும் புண்ணைக் காட்டவும் போக வேண்டும். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, காலுக்கு ஒருவராக நாலு பேர் பிடித்துப் படியிறக்குவார்கள். திருப்பத்தில் சேர் சுவரில் இடிக்கும். மனிதனை நாலு பேர் தூக்குவது ஒரே ஒரு தடவைதான் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அந்தப் பெரியவரைப் போன வருஷம் மட்டும் பன்னிரண்டு தடவை தூக்கியிருக்கிறார்கள், திரும்ப மேலே ஏற்றியதைக் கணக்கில் சேர்க்காமல். “பழகிடுச்சு தம்பி, அன்னைக்கு எனக்குக் கூச்சமா இருக்காது” என்று சிரிக்கிறார் அவர்.

படிவம் நிரப்ப உதவும் இடத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல பையன். “அம்மாவைத் தனிக் குடும்பமாப் போட்டுருங்கண்ணே. விதவைன்னா முன்னுரிமை இருக்கு” என்றான். அதாவது, அம்மா ஒரு குடும்பம், நான் ஒரு குடும்பம். அவளுக்குக் குலுக்கலில் ஊரின் ஒரு கோடியில் தரைத்தளம் விழும், எனக்கு மறுகோடியில் மூன்றாவது மாடி. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்க நான் இரண்டு பஸ் மாற வேண்டும்.

வீட்டுக்காக அவள் கட்ட வேண்டிய பங்குத்தொகையை யார் கட்டுவது என்றும் கேட்டேன். முதியோர் உதவித்தொகை வாங்கிக் கட்டட்டும் என்றான். அது தமிழ்நாட்டில் இப்போது மாதம் 1,200 ரூபாய். அதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரைக்கும் டெல்லியின் பங்கு 200 ரூபாய். எண்பது ஆனால் 500. பங்குத்தொகை சும்மா 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா சாப்பிடாமல், வெற்றிலை போடாமல், மாத்திரை விழுங்காமல் அத்தனையும் கட்டினால் 250 மாதம். தொண்ணூற்று மூன்றாம் வயதில் சாவி கையில்.

அந்த 1,200-ம் வந்தால்தானே. போன வருஷம் எழுதிப் போட்டபோது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட ஒரே கேள்வி, “மகன் இருக்கான்ல?” இருக்கிறான் என்றாள் அம்மா, பெருமையாக. மனு திரும்பிவிட்டது. பணம் கேட்டால் மகன் இருக்கிறான். அந்த மகன் வீடு கேட்டால் அம்மா இல்லை.

சிங்கப்பூரைப் பார் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் அத்தை மகன் அங்கே இருக்கிறான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்றோருடன் சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு அரசு 30,000 வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், கொடுக்கிறது. சேர்ந்து வேண்டாம், 4 கிலோமீட்டருக்குள் இருக்கிறேன் என்றால் 20,000. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தால் நல்லது என்பதை அளந்து விலையும் போட்டுவிட்டார்கள். தங்களிடம் நான் கேட்பது வெள்ளி அல்ல, குடும்பம் என்ற பட்டியலில் அம்மாவையும் சேர்க்கும் ஒரு வரி.

வயதானவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2019-ல் தங்கள் அமைச்சகமே ஓய்வுக்கால வீடுகளுக்கு மாதிரி வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் லிஃப்ட் எல்லாம் அதில் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு விளம்பரம் பார்த்திருக்கிறேன், நரைத்த தலைகள் புல்தரையில் சிரித்துக்கொண்டிருக்கும். ஆக, கிழவிகள் வழுக்கி விழுவார்கள் என்பது அமைச்சகத்துக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கும் கிழவிகள் மட்டும்தான் விழுவார்கள் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. சுவரில் அடிக்கும் ஒரு கம்பி எவ்வளவு என்று ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன். நாங்கள் விற்கும் சேலையில் ஃபால்ஸ் தைத்து, ஜாக்கெட்டும் தைத்து வாங்குகிற காசு ஆகாது.

நேற்று ராத்திரி படிவத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். மனைவி பெயர், பையன், பொண்ணு. கீழே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நான் விழிப்பதை அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஏய்யா, என் பேரைப் பென்சில்ல எழுதேன். வேணாம்னா அவுங்களே அழிச்சுக்கட்டும்” என்றாள்.

அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.

இணைப்பு:
நிரப்பிய படிவம் – 1.
குடும்ப அட்டை நகல் – 1.
அழிரப்பர் – 1.